ஐஸ் பெட்டிக்குள் ஓர் அக்கா தங்கச்சி

கடற்கரை ஊரான மணமேல்குடியில் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுகிறவனைப் பார்த்தால் உலகத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றும். "என்ன மீனு?" கண்டக்டர் கேட்பார், பக்கத்து சீட்காரர் கேட்பார், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறவர் அந்த நிலையிலும் எட்டிப் பார்த்துக் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் உண்மை பேசுகிறவனாக இருந்தேன். "மீன் இல்லைங்க, ஆட்டு ரத்தம்" என்பேன். அடுத்த ஸ்டாப்பிலேயே பக்கத்து சீட் காலியாகிவிடும். அறந்தாங்கி வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வரலாம். சௌகரியம்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசியவை ஆடுகள் மட்டும்தான் என்பது அப்போது பார்த்து நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அதனால் கொஞ்ச நாளில் "கொடுவா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பலன் உடனே தெரிந்தது. எந்தக் கரையில் எடுத்தது, புளி எந்தப் பதத்துக்குக் கரைக்க வேண்டும், பக்கத்து சீட்காரரின் மாமியார் வீட்டில் மீன் தலையை எந்த மாப்பிள்ளைக்கு வைப்பார்கள், அதில் வந்த மனத்தாங்கல் இன்னும் எப்படித் தீராமல் கிடக்கிறது என்று பேச்சு கிளை விடும். அறந்தாங்கி வந்தது தெரியாது. பெட்டிக்குள் ஊதா மூடி போட்ட சின்னக் குழாய்களில் ஆட்டு ரத்தம் அதுபாட்டுக்குக் குளிர்ந்துகொண்டு வரும்.

வேலை இதுதான். புதுக்கோட்டை மாவட்டத்து வெள்ளாடுகளில் எத்தனை விதம் இருக்கிறது என்று டிஎன்ஏவைப் படித்துப் பார்க்கிற ஒரு திட்டம். பேர்பெற்ற இனம் எதுவும் இல்லை. வேலியோரம் மேய்கிற, அடுத்த வீட்டு முருங்கையை ருசி பார்க்கிற சாதாரண நாட்டு ஆடுகள். வெளியூர்க் கிடாய்களைக் கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்க எல்லா ஆடும் ஒரே சாயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப் போனால் ஒரு புது நோய் வருகிற அன்றைக்கு எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். வித்தியாசம் மிச்சம் இருக்கும்போதே அதை எழுத்து எழுத்தாகப் படித்து வைத்துவிட வேண்டும் என்பது யோசனை. மொத்தம் நாலே எழுத்துதான். அந்த நாலை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் கொம்பு, குளம்பு, திமிர் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கிற மெஷின் வேறு ஊரில் ஏசி அறையில் இருந்தது. மெஷின் படித்ததை வைத்து யோசிக்கிற மேடமும் அங்கேதான். அந்த மெஷினுக்குத் தீனி கொண்டுபோகிறவன் நான்.

என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊர்களில் அதைச் சுருக்கி "ரத்தம் எடுக்கிறவரு" என்றார்கள். சில ஊர்களில் டாக்டர் என்று நினைத்துக் கழிச்சல் கண்ட கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் டாக்டர் இல்லை என்றதும் அந்தக் கன்றுக்குட்டி உட்பட எல்லாருக்கும் என்மேல் மரியாதை குறைந்துவிடும். கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒருவர் என் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு சொட்டுல என்ன சார் பொரியல் வைப்பீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. எடுக்கிற ஆடுகள் ஒன்றுக்கொன்று ரத்த சம்பந்தம் இல்லாதவையாக இருக்க வேண்டும். அக்கா ஆட்டையும் தங்கச்சி ஆட்டையும் படித்தால் படித்ததையே திரும்பப் படித்ததாகிவிடும். அதனால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆடு. ஊருக்கும் ஊருக்கும் நல்ல இடைவெளி.

சம்பந்தம் இல்லாதவற்றைத் தேடிப் போவதற்கு என்னை விடப் பொருத்தமான ஆளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. என் அப்பாவுக்கு அம்மா சொந்த அத்தை மகள். அதற்கு முந்திய தலைமுறையிலும் அதே கதை. என் ரத்தத்தை அந்த மெஷினில் போட்டால், இதை ஏற்கனவே படித்தாயிற்று என்று பாதியிலேயே நிறுத்திவிடும். அப்படி நெருக்கி நெருக்கிக் கட்டிய குடும்பத்தில் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நான் ஒருவன். புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில், கல்யாணம் ஆகாமல், ஆகும் என்று மற்றவர்கள் சொல்வதும் நின்றுபோன வயதில். இன்னொருவர் கோயம்புத்தூரில் இருக்கிற என் அண்ணன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்தால் சமாதானத்துக்கு யாராவது நடுவில் வருவார்கள். பேச்சு தானாகக் குறைந்து குறைந்து, தீபாவளிக்கு போனில் ஒரு படம் அனுப்புவதில் வந்து நின்றது. போன தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே விளக்குப் படத்தை அனுப்பிக்கொண்டோம்.

இலுப்பூரில் ரத்தம் எடுத்த வீடு நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலையில் இருந்தார். அந்த அம்மா, என்னை விட ஏழெட்டு வயது சின்னவர், ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். ஆடு நல்ல கறுப்பு. ஒரு காது மட்டும் வெள்ளை.

"ஊசி போட்டா பால் கொறஞ்சிருமா சார்?"

"குறையாதுங்க."

"கூடுமா?"

"கூடவும் கூடாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு சார் இம்புட்டுத் தூரம் வந்து மெனக்கெடுறீங்க?"

ஆட்டின் பக்கம் குனிந்தேன். கழுத்தில் மயிரை ஒதுக்கி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, ரத்தம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மணமேல்குடி. அங்கே கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு முஸ்லிம் வீடு. அந்த வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் இருந்தார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா, ஓர் ஆடு. ஆடு செவலை நிறம், நெற்றியில் சுழி. "இது எந்த ஊர் ஆடுங்க?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இந்த ஊருதான் சார்" என்றார் அந்த அம்மா. எழுதிக்கொண்டேன். கறுப்பையும் செவலையையும் பக்கத்தில் நிறுத்தினாலும் யாரும் ஒரு சாயலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதுவும் நான் பார்ப்பது கழுத்தை மட்டும்தான்.

சில மாதம் கழித்து மேடம் போன் செய்தார். மேடம் சிரிக்காதவர் என்று சொல்ல மாட்டேன். நான் சிரிப்பு மூட்டுகிற சமயங்களில் மட்டும் சிரிக்க மாட்டார்.

"ரெண்டு சாம்பிள் கூடப்பிறந்ததா வருது. ஒரே அம்மா, ஒரே அப்பா."

"எந்த ரெண்டு மேடம்?"

"ஒண்ணு இலுப்பூர். ஒண்ணு மணமேல்குடி."

நான் சிரித்துவிட்டேன். மாவட்டத்தின் அந்தக் கோடி ஒன்று, இந்தக் கோடி ஒன்று.

"நடுவுல எவ்வளவு தூரம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"பஸ்ல போறவன் நான்தானே மேடம்."

"அதைத்தான் கேக்குறேன். போனீங்களா?"

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மேடம் சொன்னதில் கோபம் இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. வெயிலுக்குச் சோம்பல்பட்டு ஒரே வீட்டு நிழலில் உட்கார்ந்து இரண்டு குழாயையும் நிரப்பிவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் குழாய் மாறியிருக்கலாம். இந்த இரண்டு இப்படி என்றால் மற்றவை எப்படி என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. "மறுபடி ரெண்டு ஆட்டுக்கிட்டயும் போங்க. ஆடும் வீடும் தெரியுற மாதிரி, இடம் பதிவாகுற மாதிரி போட்டோ எடுத்துட்டு, புதுசா ரத்தம் எடுத்து அனுப்புங்க. எப்படி ரெண்டும் கூடப்பிறந்ததாச்சுங்கறதுக்கும் ஒரு விளக்கம் வேணும். இல்லைன்னா உங்க கையால வந்தது எதையும் நான் வச்சுக்க முடியாது."

வைத்துக்கொள்ள முடியாது என்பதில் நானும் அடக்கம். வேலை போனால் சோறு போய்விடாது. ஒற்றை ஆளுக்கு எங்கேயாவது கிடைக்கும். ஆனால் ஒரு சந்துக்குள் நான் நுழைகிறபோது "ரத்தம் எடுக்கிறவரு வாராரு" என்று நாலு பேர் எழுந்து வருகிறார்களே, அது போய்விடும். பிறகு யார் வாசலில் போய் நின்று என்ன கேட்பேன்?

சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தேன். மணமேல்குடி பஸ் கண்டக்டருக்கு என் முகம் நன்றாகத் தெரியும். மேடம் அவரிடம் கேட்டால், "ரத்தமா? இல்லைங்க மேடம், அவரு கொடுவா கொண்டு போறவருல்ல" என்று சத்தியம் செய்வார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணனுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. சும்மாதான்."

"சும்மாவா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்குண்ணே."

"அப்பச் சரி."

வைத்துவிட்டார். வைப்பதற்கு முன், பதறிப்போனவர் மூச்சு விட்டது மட்டும் காதில் கேட்டது.

மணமேல்குடிக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன தடவ எடுத்தது பத்தலையா சார்? ஆடு அன்னையிலருந்து எளச்சுப்போச்சு."

ஆடு பக்கத்தில் நின்று, எளைத்துப்போனதற்கான அடையாளம் ஏதும் இல்லாமல், என் பையின் வாரைத் தின்றுகொண்டிருந்தது.

"அது பத்தும்ங்க. ஆனா ஒரு சந்தேகம் வந்துருச்சு."

"ஆட்டு மேலயா?"

"என் மேல."

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சுவாரசியம் தெரிந்தது. நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் பிராது முழுவதையும் சொன்னேன். நடுவில் எழுந்து போய் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார். கடைசியில், "பாவமாத்தான் இருக்கு. ஆனா அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்காம மறுபடி ஊசி போட விட மாட்டேன் சார். அவுக ஆசையாக் கொண்டாந்த ஆடு" என்றார்.

கொண்டாந்த ஆடு என்றதும் நான் டீயைக் கீழே வைத்தேன். "இந்த ஊர் ஆடுன்னு சொன்னீங்களேங்க?"

"இந்த ஊருதான். குட்டியில வந்துச்சு, இங்கனயே நின்டுருச்சு. கட்டிக்குடுத்த பொண்ண எந்த ஊருன்னு கேட்டா வாக்கப்பட்ட ஊரத்தானே சார் சொல்லுவா?"

வீடியோவில் அவர் வீட்டுக்காரர் வந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள். பின்னால் அடுக்குக் கட்டில்களும், கயிற்றில் காய்கிற சட்டைகளும் தெரிந்தன. மனைவி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இலுப்பூருன்னா சொன்னாக? சார், அது எங்க ரூம்காரரு வீட்டு ஆடு சார். இருங்க, ஆளையே காட்டுறேன்."

போன் ஒரு சுற்றுச் சுற்றியது. ஸ்டவ் பக்கத்தில் பனியனோடு ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "வணக்கம் சார், நான் இலுப்பூருங்க" என்றார், கத்தியைப் பிடித்த கையாலேயே கும்பிட்டு.

விஷயம் இவ்வளவுதான். வளைகுடாவில் ஓர் அறையில் இருக்கிறவர்களில் யார் லீவில் ஊருக்கு வந்தாலும், மற்றவர்கள் வீட்டுக்கும் சாமான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சோப்பு, தைலம், போர்வை, பிள்ளைகளுக்கு மிட்டாய். தன் லீவில் பாதி நாள் இப்படி அடுத்தவர் வீட்டு வாசல்களில் கழிந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. நாளைக்கு இவர் வீட்டு வாசலுக்கு அவர் வர வேண்டும். அப்படி ஒரு லீவில் மணமேல்குடிக்காரர் இலுப்பூருக்குப் போர்வையும் தைலமும் கொண்டுபோயிருக்கிறார். சாமான் கொண்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அந்த அம்மா வீட்டில் அன்றைக்கு இருந்தது ஆடு போட்ட ரெட்டைக் குட்டி. பால் மறந்த பருவம். கறுப்பைத் தான் வைத்துக்கொண்டு செவலையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன் சார்" என்றார் மணமேல்குடிக்காரர். "அறந்தாங்கி வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சு. பஸ்ஸே எனக்கு ஆறுதல் சொல்லுச்சு."

நான் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி பார்த்தேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அறைக்குள் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இருக்கிற இடைவெளியைப் பார்க்க எனக்கு எப்படித் தோன்றும்?

போனை வைக்கப் போகும்போது வெங்காயக்காரர் முன்னால் வந்தார். "சார், அப்ப எங்க வீட்டுக்குப் போயிருக்கீங்க."

"போனேங்க."

"வாசல்ல வலது பக்கம் ஒரு வேப்பங்கன்னு வச்சுட்டு வந்தேன். எம்புட்டு ஒசரம் வந்திருக்கு சார்?"

நான் அந்த வீட்டில் பார்த்தது ஓர் ஆட்டின் கழுத்து. அதில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வாசலில் மரம் இருந்ததா, மாளிகை இருந்ததா, சத்தியமாகத் தெரியாது. அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். வெங்காயத்தை நறுக்கி நேரமாகியிருந்தது.

"நல்லா வந்திருக்குங்க" என்றேன்.

"ஆள் ஒசரம் இருக்குமா?"

"இருக்கும்ங்க."

"நீங்க நல்ல ஒசரம்தானே சார்?" என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "இந்தத் தடவ ஆட்டப் போட்டோ எடுக்கும்போது அதையும் சேத்து ஒண்ணு எடுத்து அனுப்புங்க சார்" என்றார்.

செவலைக்கு ரத்தம் எடுத்தேன். சந்தும் கடையின் பெயர்ப் பலகையும் தெரிய, நானும் ஆடும் போட்டோவுக்கு நின்றோம். எடுத்தது பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்த பெண் பிள்ளை. படத்தில் ஆடு அழகாக விழுந்திருந்தது.

அடுத்து இலுப்பூர். வாசலில் வலது பக்கம் முதலில் பார்த்தேன். தரையோடு ஒரு விரல் தடிமனில் ஒரு குச்சி நின்றது. மேலே ஒன்றும் இல்லை. ஆடு அதன் பக்கத்தில்தான் கட்டியிருந்தது.

அந்த அம்மா என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார். "சார், அவுக கேட்டாகளா?"

"கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆள் உயரம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "நானும் அதைத்தான் சார் சொல்லிக்கிட்டு வாரேன். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா ஒசத்திக்கிட்டே வந்தேன். போன மாசம் தலைக்கு மேலன்னு சொல்லிட்டேன். நீங்க கொறச்சுட்டீங்களே." பிறகு ஆட்டின் காதைப் பிடித்துத் திருகினார். "இந்த நாய்தான் சார் தின்டுச்சு. அவுக பிளேன் ஏறி மறுவாரமே. துளிர் விட விடத் திங்கிது. அங்கிட்டு ஒத்தையில கெடக்குற மனுசன்கிட்ட இதச் சொல்லவா முடியும்?"

போட்டோ கேட்டிருக்கிறார் என்றதும் சிரிப்பு நின்றது. வாசலுக்கு வந்து இடமும் வலமும் பார்த்தார். இரண்டு வீடு தள்ளி நல்ல வேப்பமரம் ஒன்று நின்றது.

"சார், இங்கிட்டு வாங்க. ஆட்டப் புடிங்க. செவரு தெரியாம, மரம் மட்டும் தெரியுறாப்புல..."

ஆக, ஊர் மாற்றி ஒட்டினாயா என்று சந்தேகப்பட்ட மேடத்துக்காக நான் கறுப்பு ஆட்டை அதன் சொந்த வாசலில், குச்சி தெரிய, இடம் பதிவாக, ஒரு நியாயமான போட்டோ எடுத்தேன். அடுத்த நிமிஷமே அதே ஆட்டை இரண்டு வீடு தள்ளிக் கொண்டுபோய் அடுத்தவர் மரத்தடியில் நிறுத்தி ஒரு களவாணிப் போட்டோ எடுத்தேன். ஆட்டுக்குக்கூடக் கூச்சமாக இருந்தது போல. இரண்டாவது படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. எந்தப் படம் யாருக்குப் போகிறது என்று அனுப்பும்போது இரண்டு தடவை சரிபார்த்தேன். மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் மாட்டியிருப்பேன்.

ரத்தம் எடுத்து முடித்த பிறகு அந்த அம்மா கேட்டார், "அந்தச் செவல எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்குங்க. பையோட வார் எல்லாம் திங்கிது."

"அந்த வீட்டு அம்மா எப்படி? போட்டோவுலகூட நான் பாத்ததில்ல."

மணமேல்குடி அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பெட்டியும், ரெட்டைக் குட்டிக் கதையை எழுதிய விளக்கமும் கூரியரில் போயின. அங்கே ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, துண்டு துண்டாக்கி, மெஷினில் படித்து, துண்டுகளைத் திரும்ப அடுக்கிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு நடக்கிற காரியம் இல்லை. நான் அறையில் இருந்தேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் நாள் முழுக்க ஒன்றைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றைத் துப்பிக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரர் படியில் என்னைப் பார்த்தால், "என்ன சார், இன்னைக்கு வேட்டைக்குப் போகலையா?" என்பார். மெஸ்ஸில் பரிமாறுகிறவர், "ஒருத்தர்தானே சார்?" என்று கேட்டுவிட்டு எதிரில் இருக்கிற நாற்காலியை வேறு மேஜைக்கு எடுத்துக்கொண்டு போவார். தினமும் அதே கேள்வி, அதே நாற்காலி. ஒரு நாளாவது இல்லை என்று சொல்லிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை. சொன்னதில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டும். நான் என் பங்கை வேப்பமரத்துக்கே செலவழித்துவிட்டேன்.

மேடம் போன் செய்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது தடவை எடுத்ததும் அதேதான் வருது. முதல்ல எடுத்ததோட சரியாப் பொருந்துது. குழாய் மாறல. ரெண்டும் கூடப்பிறந்ததுதான்."

"ரெட்டை மேடம்" என்றேன். இடது கையில் போன், வலது கையில் சாம்பார் சாதம்.

"ரெட்டைன்னு டேட்டா சொல்லாது. கூடப்பிறந்ததுன்னுதான் சொல்லும்."

"அதை நான் சொல்றேன் மேடம். ஒரே ஈத்து."

"அந்தக் குட்டியை பஸ்லயா கொண்டு போனாரு?" என்று கேட்டார்.

"மடியில வச்சு."

அப்போதுதான் மேடம் சிரித்தார். நான் மூட்டாத சிரிப்பு. பிறகு பழைய குரலுக்கு வந்தார். மற்ற சாம்பிள்கள் எல்லாம் இருக்கும், சந்தேகம் தீர்ந்தது, நானும் திட்டம் முடிகிறவரை இருக்கலாம். எடுக்க வேண்டிய ஆடுகளை எடுத்தாகிவிட்டதால் இனி ஊர்களுக்குப் போக வேண்டியது இல்லை. அறையில் இருந்தே விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். வெயில் மிச்சம் என்றார்.

"அப்புறம், ரெண்டுல ஒண்ணை எடுத்துடணும். கூடப்பிறந்ததை வச்சுக்க முடியாதுல்ல."

அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அத்தனை பஸ் ஏறி, அத்தனை டீ குடித்து, இரண்டும் அக்கா தங்கச்சிதான் என்று நிரூபித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறபோது, அக்கா தங்கச்சி என்பதாலேயே ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும் என்றதும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"எதை மேடம்?"

"எது நல்லா வந்திருக்கோ அதை வச்சுக்கலாம். மணமேல்குடி கொஞ்சம் சூடு பட்டுப் போயிருக்கு. இலுப்பூர் இருக்கட்டும்."

செவலை போயிற்று. அறந்தாங்கி வரைக்கும் கத்திக்கொண்டே வந்த குட்டியின் ரத்தம், திரும்பி அதே வழியில் என் பெட்டிக்குள் வந்தபோது சூடாகியிருக்கிறது. கொடுவாக் கதை கேட்கிற ருசியில் நான்தான் ஐஸைக் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

சந்தேகம் தீர்ந்த சேதியை இரண்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று போன் எடுத்தேன். சொல்லுவதற்கு விஷயம் இருக்கிறது என்பதே சந்தோஷமாக இருந்தது. முதலில் மணமேல்குடி. நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது போன். சரி என்று இலுப்பூருக்குப் போட்டேன். அவரும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி மணமேல்குடி, மறுபடி இலுப்பூர். இரண்டு பேரும் வேறொருவருடன் பேசிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் சுற்றில்தான் எனக்கு உறைத்தது. மரபணுவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த மூளை. இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

சாயங்காலம் மணமேல்குடி அம்மாவே கூப்பிட்டார். செவலை சினை பிடித்திருக்கிறது, கறுப்பும் சினைதான், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஈனும் போல, அந்த அக்காதான் சொன்னாக என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எங்க ஆடு ஒங்க கம்ப்யூட்டர்ல நல்லா வந்துச்சா சார்?" என்று கேட்டார்.

"நல்லா வந்துச்சுங்க."

"அல்ஹம்துலில்லாஹ். சரிங்க சார், அக்கா லைன்ல வாராக, வச்சுர்றேன்."

இப்போது என் வேலை கம்ப்யூட்டர் முன்னால். நிறம், கொம்பு, காது, ஊர் என்று கட்டம் கட்டமாக ஏற்றுகிறேன். வெயில் மிச்சம்தான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மேடத்துக்குத் தெரிய வேண்டாம். காலி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணமேல்குடிக்குப் போய், கடற்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன். பெட்டி இல்லாமல் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். போக வர யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுத்தர வயதில் சும்மா பஸ்ஸில் போகிற ஓர் ஆளிடம் என்னத்தைக் கேட்பார்கள்?

போன வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வயதானவர். மீன்பிடிக்கிற கரைக்காரர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன மீனு தம்பி?"

"கொடுவாங்க."

"கொடுவாவா? இன்னைக்கு யாருக்குக் கெடச்சுச்சு?" என்றவர், நான் எதுவும் சொல்வதற்குள் பெட்டி மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஒரு ஐஸ்கூட இல்லை. பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்டக்டர் அந்தப் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அவர் மூடியை மெதுவாகத் திரும்ப வைத்து அமுக்கினார்.

"மீன்பாடு இல்லையாக்கும்" என்றார்.

"இல்லைங்க."

"கடக்கரைன்னா அப்படித்தான். நமக்கெல்லாம் மாசக்கணக்குல பாடு இல்லாம இருந்திருக்கு" என்றார். பெட்டியை வாங்கிக் கீழே இரண்டு பேர் காலுக்கும் நடுவில் இடுக்கி வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் தம்பி நீங்க?" என்று ஆரம்பித்தார். நான் நகர்ந்து நன்றாக உட்கார்ந்துகொண்டேன். அறந்தாங்கிக்கு இன்னும் நேரம் இருந்தது.